உளி கழன்று பறக்காமல் இருக்க, தம்பிக்கு அக்காவின் டிப்ஸ்

கம்ப்ரசர் வண்டி வேலைக்குப் போகப்போகிறாய் என்று அம்மா சொன்னாள். நம்ம திருமழபாடியில் கொள்ளிடக் கரையைத் தோண்டினால் மணலும் வண்டலும்தான் வரும். ஜாக்ஹாமர் சத்தம் கேட்க வேண்டும் என்றால் பெரம்பலூர் பக்கம் போக வேண்டும். அங்கே கிணறு என்றாலே பாறைதான். செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயக் காட்டுக் கிணறுகளை ஆழப்படுத்தும் வேலை வரும், அரியலூர் சிமென்ட் ஆலைப் பக்கம் பழைய கான்கிரீட் உடைக்கும் வேலையும் வரும். மெஷினை ஓட்ட மேஸ்திரி சொல்லித் தருவார். ஆனால் ராடையும் உளியையும் மெஷினில் எப்படி மாட்டினால் கழன்று வராது என்பதை யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. உன் மாமாவோடு ஸ்பேர்ஸ் கடையில் உட்கார்ந்து, உடைந்த ராடும் வளைந்த லாக்கும் தினமும் கையில் வாங்கிப் பார்க்கிறவள் நான். அதனால் சொல்கிறேன், கவனமாகக் கேள்.

முதலில் மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள். சிலிண்டருக்குள் ஒரு பிஸ்டன் காற்றின் வேகத்தில் ஓடிவந்து உளியின் பின்முகத்தில் அடிக்கிறது. கான்கிரீட் உடைக்கும் பிரேக்கரில் நிமிடத்துக்கு ஆயிரம் அடிக்கு மேல் விழும், பாறையில் குழி போடும் ஜாக்ஹாமரில் இரண்டாயிரத்தை ஒட்டி விழும். அந்த அடி உளி வழியாகப் பாறைக்குள் இறங்க வேண்டும் என்றால் உளி உள்ளே கொஞ்சம் முன்னும் பின்னும் நகரத்தான் வேண்டும். அதனால்தான் அதை இறுக்கி முறுக்கிக் கட்டுவதில்லை. முனை பாறையில் அழுந்தி நிற்கும்வரை உளியைப் பிடித்திருப்பது பாறைதான். பாறை பிளந்து முனை வெறும் காற்றில் நின்றால், அடி மொத்தமும் உளியைச் சுற்றி வளையமாகப் புடைத்திருக்கும் காலருக்குப் போகும், காலர் போய் லாக்கில் மோதும். லாக்குக்கு வேலை வருவது அந்த நொடியில்தான். அப்போது அதில் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ போல்ட் தேய்ந்திருந்தாலோ, கனமான இரும்பு எந்தத் திசையில் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே முதல் பழக்கம் உன் விரலில் இருக்க வேண்டும். முனை தரையில் படுவதற்கு முன்னால் காற்றைத் திறக்காதே. கல் பிளந்து உளி சட்டென்று இறங்கினால் உடனே த்ராட்டிலை விடு. வேகமாக வேலை செய்கிறவர்கள் பலர், ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு மெஷினைத் தூக்கும்போதும் விரலை எடுக்க மாட்டார்கள். கடைக்கு வரும் உடைந்த லாக்குகளில் பெரும்பகுதி அப்படி வெறும் காற்றில் அடித்து உடைந்தவை.

அளவு தெரிந்து வாங்கு

ஜாக்ஹாமர் ராடு பெரும்பாலும் 22 மி.மீ. அறுகோணம். காலரிலிருந்து பின்முனை வரை உள்ள பகுதியைத்தான் ஷாங்க் என்கிறோம், அதன் நீளம் 108 மி.மீ. பிரேக்கர் உளியில் 25-க்கு 108 என்று ஒரு ரகம் உண்டு. பெரிய மெஷின்களுக்கு 28-ம் 32-ம் வரும், அவற்றின் ஷாங்க் நீளம் 152 அல்லது 160. பழைய ஆட்கள் இதையே அங்குலக் கணக்கில் 'ஒண்ணுக்கு நாலேகால், ஒண்ணேகாலுக்கு ஆறு' என்று கேட்பார்கள். 152-க்கும் 160-க்கும் வித்தியாசம் 8 மி.மீ.தானே என்று மாற்றி மாட்டிவிடாதே. ஷாங்க் குட்டையாக இருந்தால் பிஸ்டன் உளியைச் சரியாகத் தொடாமல் சிலிண்டரின் முன்பக்கத்திலேயே மோதி மெஷினைக் கெடுக்கும். நீளமாக இருந்தால் பிஸ்டன் முழு ஓட்டம் ஓடாமல் அடி சப்பென்று விழும், லாக்கும் ஒழுங்காக மூடாது.

அறுகோணத்தை அளப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எதிரெதிர் தட்டைப் பக்கங்களுக்கு இடையே வெர்னியரை வைத்து அளக்க வேண்டும். மூலைக்கு மூலை அளந்தால் 22 மி.மீ. ராடு 25.4 காட்டும், அதாவது சரியாக ஒரு அங்குலம்! ஷாங்க் நீளமும் இரண்டுக்கும் 108 என்பதால், ஜாக்ஹாமர் ராடை பிரேக்கர் உளி என்று நினைத்து மாட்டிவிட இடம் இருக்கிறது. உள்ளே போகும், லாக்கும் விழுந்த மாதிரி தெரியும். ஆனால் ஷாங்க்கைத் தாங்கும் புஷ்ஷுக்குள் கடகடவென்று ஆடும். அப்படி ஆடும் உளியைக் கையில் வைத்து ஒரு அடிகூட அடிக்காதே. வாங்கப் போகும்போது வாயால் அளவு சொல்லாமல், உடைந்த பழைய உளியின் பின்துண்டைக் கையோடு எடுத்துப் போ. அதைப் பார்த்தாலே எந்தக் கடைக்காரருக்கும் விளங்கும்.

பின்முகத்தைப் படி

நான் ராடு வாங்கும்போது முனையைவிடப் பின்முகத்தைத்தான் முதலில் பார்ப்பேன். நீயும் தினமும் பார். வெயிலில் திருப்பிப் பிடித்தால் பிஸ்டன் அடித்த இடம் பளபளவென்று வட்டமாகத் தெரியும். வட்டம் நடுவில் இருந்தால் எல்லாம் சரி. ஒரு ஓரமாக ஒதுங்கியிருந்தால் முன்னால் இருக்கும் சக் புஷ் தேய்ந்து, ராடு சாய்ந்து நிற்கிறது என்று பொருள். அப்போது பிஸ்டன் மூலையில் அடிக்கும், மூலை சில்லு சில்லாகப் பெயரும், சில நாளில் காலருக்குப் பக்கத்தில் விரிசல் விழும். புது ராடு வாங்கிப் போட்டாலும் அதுவும் அதே மாதிரி உடையும். மாற்ற வேண்டியது புஷ்ஷை.

பின்முகம் சமமாக, ராடுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். அடிபட்டு விளிம்பு விரிந்து வெளியே பிதுங்கியிருந்தால், உள்ளே சிக்கிக்கொண்டு கழற்றவே வராது. சுத்தியலால் தட்டிக் கழற்றப் பார்ப்பார்கள், அந்தச் சில்லு கண்ணில்தான் தெறிக்கும். தட்டத்தான் வேண்டும் என்றால் கண்ணாடி போட்டுக்கொள்.

முனை மழுங்கினால் பட்டறையில் காய்ச்சி அடித்துத் தீட்டலாம், தவறில்லை. ஷாங்க்கை மட்டும் நெருப்பில் காட்ட விடாதே. ஷாங்க்கின் கடினம் பிஸ்டனைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும்படி தயாரித்திருப்பார்கள். தேய்ந்தால் விலை குறைந்த ராடு தேயட்டும், விலை கூடிய பிஸ்டன் தப்பட்டும் என்பது கணக்கு. காய்ச்சித் தண்ணீரில் முக்கிய ஷாங்க் அளவுக்கு மீறி இறுகிவிடும், பிஸ்டன் முகத்தை உடைக்கும். காலர் உடைந்த ராடில் ஒரு வளையத்தை வெல்டிங் வைத்துக் கொண்டுவருபவர்களும் உண்டு. அது கார்பன் கூடுதலான எஃகு, வெல்டிங் சூடு பட்ட இடம் கண்ணாடி போல நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். லாக் பிடிப்பதே அந்தக் காலரைத்தான். காலர் போன ராடைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடு.

மாட்டும்போது

கிணற்று வேலையில் ஒரே குழிக்குப் பலமுறை ராடு மாற்ற வேண்டியிருக்கும். 0.8 மீட்டர் ராடில் ஆரம்பித்து, அடுத்து 1.6 மீட்டர், அப்புறம் 2.4 என்று போகும். முதல் ராடின் முனை 34 மி.மீ. என்றால் அடுத்ததில் 33, அதற்கடுத்ததில் 32. குழிக்குள் சிக்காமல் இறங்கவே இப்படி ஒவ்வொரு மில்லிமீட்டராகக் குறைத்திருக்கிறார்கள். ஆக, ஒரு நாளைக்கு எத்தனை தடவை மாற்றுகிறாயோ அத்தனை தடவை ஆபத்துக்கு வாசல் திறக்கிறாய். ஒவ்வொரு தடவையும் வால்வை மூடி, த்ராட்டிலை அழுத்தி மெஷினுக்குள் தங்கியிருக்கும் காற்றை வெளியேற்று. மூடினால் போதும் என்று நினைப்பார்கள். ஹோஸில் மிச்சம் இருக்கும் காற்றே இரண்டு அடி அடிக்கப் போதுமானது, உன் விரல் லாக்குக்குப் பக்கத்தில் இருக்கும் நேரம் அது.

பிறகு மெஷினைத் தரையில் சாய்த்து, வாய் யார் பக்கமும் இல்லாமல் வை. ஷாங்க்கைத் துணியால் துடைத்து, கல்தூள் ஒட்டாமல் பார்த்து, கொஞ்சம் எண்ணெய் தடவி உள்ளே விடு. காலர் புஷ் வாயில் போய் உட்கார்ந்த பிறகு லாக்கைப் போடு. ஜாக்ஹாமரில் யு வடிவத்தில் ஒரு லாக் மேலேறிக் காலரைத் தாண்டிப் பிடிக்கும். பிரேக்கரில் முன்பக்கம் ஒரு லாட்ச் இருக்கும், காலால் தள்ளி மூடலாம், டக்கென்று விழ வேண்டும். விழுந்ததும் உளியைக் கையால் இழுத்துப் பார், திருப்பியும் பார். லாக்கில் இடித்து நிற்க வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் காற்று. அதுவும் முனையைக் கல்லில் ஊன்றி, பாதி த்ராட்டிலில் ஆரம்பித்து.

ராடு குழிக்குள் சிக்கிக்கொண்டால் மெஷினைப் பிடித்து ஆட்டி ஆட்டி இழுக்காதே. சும்மா ராடை வெளியே எடுக்க லாக் தாங்கும், சிக்கிய ராடைப் பிடுங்க அது தாங்காது. மெஷினைக் கழற்றிவிட்டு, ஸ்பேனர் போட்டு ராடைத் திருகி எடு.

லாக் என்பது சின்ன உருப்படி

ஒரு ஸ்பிரிங், ஒரு பின், இரண்டு நட்டு. விலை பெரிதாக இல்லை. ஆனாலும் இது உடைந்தால் வேலையை நிறுத்தாமல் பைண்டிங் கம்பி சுற்றி ஓட்டுகிறார்கள். நிமிடத்துக்கு ஆயிரம் அடி குலுக்கும் இடத்தில் அந்தக் கம்பி எத்தனை நேரம் நிற்கும் என்று நீயே யோசி. அமெரிக்காவின் கட்டுமானப் பாதுகாப்பு விதிகளில், காற்றால் அடிக்கும் கருவிகளில் உளி வெளியே பறக்காமல் இருக்கக் கிளிப்போ லாக்கோ பொருத்தி அதை நல்ல நிலையில் பராமரிக்க வேண்டும் என்று தனி விதியே வைத்திருக்கிறார்கள். ஆளைக் கொல்லும் விஷயம் என்று தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள். உன் பையில் ஒரு செட் ஸ்பிரிங், பின், ஸ்ப்ளிட் பின் எப்போதும் இருக்கட்டும். காலையில் மெஷினின் இரண்டு பக்க ராடு நட்டுகளையும் ஒரே சமமாக இறுக்கு. ஒரு பக்கம் தளர்ந்தால் முன்தலை கோணலாக உட்காரும், லாக்கும் கோணலாகத்தான் பிடிக்கும்.

ஆலைகளில் சிப்பிங் ஹாமர் கொடுப்பார்கள். அதில் முன்னால் மரை போட்ட மூடி இருக்கும், உள்ளே ரப்பர் அல்லது ஸ்பிரிங். மரையைக் கடைசிவரை ஏற்று. மரை தேய்ந்த மூடியை வாங்கவே வாங்காதே, ஸ்டோரில் திருப்பிக் கொடுத்துவிடு. டிங்கரிங் கடையில் இருக்கும் சின்ன ஏர் ஹாமருக்கு 10.2 மி.மீ. ஷாங்க், கூம்பு ஸ்பிரிங். அதையும் விளையாட்டுச் சாமான் என்று நினைக்காதே, ஸ்பிரிங் இல்லாமல் ஒரு தடவை அழுத்தினாலும் உளி எதிர்ச் சுவருக்குப் போகும்.

பிரஷர் விஷயத்தில் கம்ப்ரசர்காரர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டாதே. இந்த மெஷின்கள் 6, 7 பார் காற்றுக்குச் செய்யப்பட்டவை. சீக்கிரம் முடிக்கலாம் என்று கூட்டி வைத்தால் முதலில் கைவிடுவது லாக்தான். பங்குனி வந்தால் இந்த அவசரம் நம்ம ஊர்ப் பையன்களுக்கு அதிகம். நம்ம கோயிலில் நந்திக்குக் கல்யாணம் நடக்கும், 'நந்தி கல்யாணம் பார்த்தால் முந்தி கல்யாணம்' என்பதால், எந்தக் கிணற்றில் நின்றாலும் வேலையை முடித்துவிட்டுத் திருமழபாடிக்கு ஓடிவரத் துடிப்பார்கள். ஒரு நாள் முன்னாலேயே லீவு சொல்லிவிட்டு வா. கடைசி நாள் சாயங்காலம் இரண்டு குழியைச் சேர்த்துப் போட்டுவிட்டு வரலாம் என்று நிற்காதே.

கையால் பிடிக்காதே

உளி ஆடுகிறது என்று ஒருவர் மெஷினை ஓட்ட இன்னொருவர் உளியைக் கையால் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். இதைப் பற்றி ஒரு பழைய ஆராய்ச்சி உண்டு. 1918-ல் ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்து பெட்ஃபோர்ட் ஊருக்குப் போனார். அங்கேயும் நம்ம அரியலூர் மாதிரி சுண்ணாம்புக்கல்தான். கல் செதுக்குகிறவர்கள் காற்றுச் சுத்தியலை வலது கையிலும் உளியை இடது கையிலும் பிடித்து வேலை செய்தார்கள். செதுக்கும் சுத்தியலில் உளி சும்மா செருகி நிற்கும், அதற்கு லாக் கைதான். குளிர்ந்த காலையில் அவர்கள் விரல்கள் வெளுத்து மரத்துப்போயின, உளி பிடித்த இடது கையில்தான் அதிகம். ரத்தக் குழாய் சுருங்கிப்போவதால் வருகிற வியாதி அது. நம்ம ஊர் வெயிலில் விரல் வெளுப்பது கண்ணுக்குத் தெரியாமல் போகலாம், மரத்துப்போவதும் பிடி தளர்வதும் வரத்தான் செய்யும். இரவில் விரல் எரிந்தாலோ, சட்டைப் பட்டன் போடத் தடுமாறினாலோ, வெட்கப்படாமல் உடனே டாக்டரிடம் சொல். உளியை நிலைப்படுத்தியே ஆக வேண்டும் என்றால் நீளக் கைப்பிடி வைத்த குறடால் பிடிக்கச் சொல்.

கிணற்றில் சுவரைப் பார்த்துப் படுக்கைவாட்டில் அடிக்கும்போது உனக்குக் கீழே ஆள் நிற்கக் கூடாது. எதிரிலும் கூடாது. ராடு மாற்றும்போது ஒரு குரல் கொடுத்துவிட்டு மாற்று. ஹோஸ் இணைப்புகளில் கிளாம்ப்போடு ஒரு பாதுகாப்புச் சங்கிலியும் போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள், பிடுங்கிக்கொண்ட ஹோஸ் ஆளையே அடித்துச் சாய்க்கும்.

இன்னொன்று. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் கிணறு தோண்டுகிறவர்களும் கல் உடைக்கிறவர்களும் சேரலாம். வேலையில் சேர்ந்த பிறகு ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ எல்லாம் எடுத்துக்கொண்டு போய் மறக்காமல் பதிந்துவிடு. வேலைக்குப் போகிற வழியில் கடைக்கு வா, இரும்பு மூக்கு வைத்த பூட்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். உன் அளவு எட்டா ஒன்பதா என்று மட்டும் போனில் சொல்லிவிடு.