குளிர்காலத்தில் தொழிற்கொட்டகைக்கு அனல் மூட்டுதல்

சென்னை மேற்கு மாம்பலத்தில் வசிப்போருக்கு மார்கழி, தை மாதக் குளிர் ஒரு பொருட்டன்று. அங்கே ஜனவரி மாதத்தில் இரவு உஷ்ணம் சராசரியாக 20 அல்லது 21 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இறங்குவதில்லை. ஆனால் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் அதே மாதத்தில் உறைபனி விழுகின்றது. சமவெளியில் வாழ்ந்து மலையில் நிலம் வைத்திருப்போர் கருவிகளைப் பழுது பார்க்கவும், விளைபொருளைத் தரம் பிரிக்கவும் அங்கே கொட்டகை அமைக்கின்றனர். குளிருக்குப் பழகாத இவர்கள் கதவையும் ஜன்னலையும் அடைத்துவிட்டு, உள்ளே கரியடுப்பை வைப்பதே பெரும் அபாயத்துக்குக் காரணமாகின்றது.

கரியடுப்பின் கேடு: மாம்பலத்து வீடுகளில் முற்காலத்தில் வழங்கிய குமுட்டி அடுப்பும், மலைநாட்டுக் கணப்புச் சட்டியும் ஒரே தன்மையுடையவை. கரி புகையின்றிச் செக்கச் செவேலென எரிவதைக் கண்டு, அதனால் தீங்கில்லையென்று பலர் எண்ணுகின்றனர். இது தவறு. போதிய காற்றின்றி எரியும் கரியினின்று கார்பன் மோனாக்ஸைட் என்னும் விஷவாயு உண்டாகின்றது. இதற்கு நிறமோ மணமோ இல்லை. இரத்தத்தில் பிராணவாயு சேர வேண்டிய இடத்தில், அதனினும் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பற்றுடன் இது சேர்ந்துகொள்ளும். முதலில் தலைவலியும், பின்பு குமட்டலும் தள்ளாட்டமும் காணும். உறங்குகிறவர் விழிக்காமலே இறப்பதுமுண்டு. ஆதலால் கதவடைத்த கொட்டகையில் கரியடுப்பை வைத்தலே கூடாது. ஜன்னலைச் சிறிது திறந்து வைப்பதும் போதிய பாதுகாப்பாகாது.

இவ்வபாயம் மலைக்கு மட்டும் உரியதன்று. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் பெருவெள்ளத்தின்போது மாம்பலத்துத் தெருக்களிலும் நீர் புகுந்தது. அத்தகைய நாட்களில் மின்சாரம் நின்றவுடன் ஜெனரேட்டரை மழைக்கு அஞ்சி மோட்டார் வண்டி நிறுத்தும் அறைக்குள் வைத்து ஓட்டினால், அதனின்றும் இதே வாயு வெளிப்படும். அதனைத் திறந்த வெளியில், ஜன்னல்களுக்கு எட்ட வைத்தே இயக்க வேண்டும்.

மண்ணெண்ணெய் அடுப்பு: இதனாலும் காற்றுக் கெடும். மேலும், ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரியுங்கால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாகிக் கொட்டகையின் காற்றில் கலக்கும். அவ்வாவி குளிர்ந்த இரும்பின்மேல் படிந்து, அரிவாள், கலப்பைக் கொழு, இயந்திர உறுப்புகள் யாவும் துருப்பிடிக்கும். வைக்கோல், சாக்கு, பெயிண்டு, பெட்ரோல் ஆகியவை உள்ள இடத்தில் எந்தச் சுவாலை அடுப்பும் ஆகாது.

மின்சார அடுப்பு: இதில் விஷவாயு உண்டாவதில்லை. பன்னிரண்டடி நீளமும் பத்தடி அகலமும் பத்தடி உயரமுமுள்ள கொட்டகையில் அடங்கிய காற்று சுமார் 34 கன மீட்டர். அக்காற்றை மாத்திரம் 5 டிகிரி சூடாக்க 1,000 வாட் அடுப்புக்கு நான்கு நிமிஷங்கூட வேண்டுவதில்லை. எனினும் தகரக் கூரையும் சந்துகளும் உஷ்ணத்தை ஓயாமல் வெளியேற்றுவதால், அடுப்பு இடைவிடாது எரிய நேரிடுகின்றது. ஆகவே பெரிய அடுப்பை வாங்குமுன் கூரையின் அடியில் பலகைத் தட்டி அடித்து, கதவின் கீழ்ச் சந்தை மறைப்பதே சிக்கனம். வாயில் திறந்தேயிருக்கும் கொட்டகையில் காற்றைச் சூடாக்க முயல்வது வீண். அங்கே வேலை செய்பவர்மேல் நேரே அனல் வீசும் கதிரடுப்பே பயன்படும்.

2,000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கும். இரண்டு மணி நேரத்தில் 4 யூனிட் செலவாகும். விளக்குக்கான 6 ஆம்பியர் பிளக்கில் இதனைச் சொருகலாகாது. பூமித்தொடர்புடைய 16 ஆம்பியர் பிளக் அவசியம். நீட்டுக் கம்பியைச் சுருளாக வைத்து உபயோகித்தால் அது சூடேறித் தீப்பற்றவுங்கூடும். எரியும் பொருள்கள் மூன்றடிக்குக் குறையாத தூரத்தில் இருத்தல் வேண்டும்.

மின்சாரமில்லாத இடங்களில், வெளியே காய்ச்சிய வெந்நீரை மூடிய பாத்திரத்தில் உள்ளே கொண்டு வைக்கலாம். பத்து லிட்டர் வெந்நீர் 80 டிகிரியினின்று 30 டிகிரிக்கு ஆறுவதற்குள், அரை யூனிட் மின்சாரத்துக்குச் சற்று மேற்பட்ட உஷ்ணத்தை வெளியிடும்.

ஜீவன்களுக்கு உஷ்ணம்: கோழிக் குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் 95 டிகிரி பாரன்ஹீட் உஷ்ணம் தேவை, பின்பு வாரந்தோறும் ஐந்து டிகிரி குறைத்து வரலாம். ஆதலின் சமவெளியிலும் மார்கழி இரவில் அவற்றுக்கு விளக்கு வேண்டும். ஓசூர்ப் பக்கத்துப் பட்டுப்புழு மனைகளில் இளம் புழுக்களுக்கு 27 முதல் 28 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணம் ஏற்றது. அங்கும் கரிப்புகை புழுவுக்கும் ஆளுக்கும் கெடுதியே.

எவரேனும் மயங்கிக் கிடக்கக் கண்டால், உடனே கதவுகளைத் திறந்து, அவரைத் திறந்த வெளிக்குக் கொணர்ந்து, 108 எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். மீட்கப் போகிறவரும் உள்ளே தங்கலாகாது. மலைக் கிராமங்களின் நிர்வாக அலுவலர்கள் குளிர் தொடங்குமுன்பே இதனைக் கூலியாட்களுக்கும், தங்கும் விடுதி வைத்திருப்போருக்கும் எடுத்துரைப்பது பல உயிர்களைக் காக்கும்.