வைரமும் விதிமுறையும்

காக்ஸ் டவுன்,
பெங்களூர்.

அன்புள்ள குழந்தைக்கு,

பி.எஸ்ஸி. முடித்தபின் பௌதிக ஆராய்ச்சியில் இறங்க விரும்புவதாகவும், அதற்கு எந்த ஸ்தாபனம் உயர்ந்தது என்று நான் சொல்லவேண்டுமென்றும் எழுதியிருக்கிறாய். உன் அப்பாவோ அதே உறைக்குள் தனித் தாள் வைத்து, இந்தப் படிப்பு சோறு போடுமா என்று கேட்டிருக்கிறான். ஸ்தாபனங்களை வரிசைப்படுத்தும் வேலை எனக்குச் சம்மதமில்லை; அதற்குப் பதிலாக, இதே ஊரில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன்.

பஸ்ஸில் ஏறி 'டாட்டா இன்ஸ்டிடியூட்' என்று கேட்டால் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிடுவார்களே, அந்த இந்திய அறிவியல் கழகம் 1909-இல் தோன்றியதாயினும், அங்கே பௌதிகத்துக்கென ஓர் இலாகா ஏற்பட்டது, திருச்சியில் பிறந்து நோபெல் பரிசும் பெற்றுவிட்டிருந்த ஸி. வி. ராமன் 1933-இல் அதன் இயக்குநராக வந்த பிறகுதான். சென்னைப் பிரசிடென்ஸி கல்லூரியில் ஆனர்ஸ் தேறிய அன்னா மாணி என்ற பெண், உபகாரச் சம்பளம் பெற்று 1940-இல் அவருடைய ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். வைரத்தின்மீது ஒளி பட்டால் அது எவ்வாறு ஒளிர்கிறது என்பதே அவர் எடுத்துக்கொண்ட பிரச்சினை. சொல்லும்போது எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் சில வைரங்களின் ஒளிர்வு மிக மங்கலானது. கல்லைத் திரவக் காற்றின் கடுங்குளிரில் நிறுத்திவைத்து, அதன் நிறமாலை ஒளிப்படத் தகட்டில் பதியும்வரை பதினைந்து, இருபது மணிநேரம் காத்திருக்க வேண்டும். இராத்திரி முழுதும் விழித்திருந்து, விடிந்தபின் தகட்டைக் கழுவிப் பார்த்தால் சில கோடுகள் தென்படும். தென்படாவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். ஆராய்ச்சிப் படிப்பு என்று நீ ஆசைப்படுகிற வஸ்து பெரும்பாலும் இதுதான்; அந்தக் காத்திருப்பில் ஒரு ருசி தட்டாதவர்களுக்கு எந்த ஸ்தாபனத்தின் பெயரும் உதவாது என்பது என் அபிப்பிராயம்.

ஐந்து ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்ட பின், 1945-இல் அன்னா மாணி தம் ஆய்வேட்டைச் சென்னை சர்வகலாசாலைக்குச் சமர்ப்பித்தார்; டாக்டர் பட்டம் வழங்கும் அதிகாரம் கழகத்துக்கு அப்போது இல்லை. எம்.எஸ்ஸி. பட்டம் பெறாதவருக்கு டாக்டர் பட்டம் கொடுப்பதற்கில்லை என்று சர்வகலாசாலை கைவிரித்துவிட்டது. வேலையில் யாரும் பழுது சொல்லவில்லை. விதிதான் குறுக்கே நின்றது. அவர் லண்டன் சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்று, 1948-இல் திரும்பி இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, மழைமானி முதல் ஓசோன் அளக்கும் கருவிவரை இந்நாட்டிலேயே செய்ய வழிவகுத்து, துணைத் தலைமை இயக்குநராக ஓய்வுபெற்றார். பட்டமில்லாமலே இவ்வளவு சாதித்தாரே, ஆகவே பட்டம் முக்கியமல்ல என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். உனக்கு நியாயமாக வரவேண்டியது ஒரு காகிதக் குறையினால் வராமற்போவது அநியாயம். விண்ணப்பப் படிவத்தைச் சிரத்தையோடு படிப்பதும் விஞ்ஞானியின் ஒழுக்கங்களில் ஒன்றுதான்.

ஆகையால் விதிகளைக் கேட்டுக்கொள். பி.எஸ்ஸி.யிலிருந்து நேரே ஆராய்ச்சிக்குப் போகும் 'இன்டகிரேட்டட் பி.எச்.டி.' இங்கே கழகத்தில் இருக்கிறது. ஜாம், ஜெஸ்ட் முதலிய தேர்வுகள் அதற்கு வழி. எம்.எஸ்ஸி. முடித்துவிட்டுச் சேர்வதானால் நெட், கேட், ஜெஸ்ட். அமெரிக்காவுக்குப் போகும் உத்தேசமிருந்தால், நம் மூன்று வருஷப் பட்டத்தை அங்கே எல்லாச் சர்வகலாசாலைகளும் ஒப்புக்கொள்வதில்லை என்பதை இப்போதே தெரிந்துகொள். உன் அப்பாவுக்கு: ஜே.ஆர்.எஃப். என்னும் ஆராய்ச்சி உதவித்தொகை, 2023 முதல், சேர்ந்தவுடன் மாதம் 37,000 ரூபாய், பின்னர் 42,000. காக்ஸ் டவுனில் வீடெடுத்துக் குடித்தனம் நடத்த அது போதாது. ஹாஸ்டலில் இருந்தால் மிச்சமே பிடிக்கலாம். பின்னால் உத்தியோகம் கிடைக்க நாளாகும். அதை மறைப்பது தர்மமல்ல.

ஸ்தாபனத்தைவிட ஆசிரியரைத் தேர்ந்தெடு. ஜி. என். ராமச்சந்திரன் 1942-இல் கழகத்துக்கு வந்தது மின்பொறியியல் படிக்க. ராமனிடம் மனம் சென்றதால் பௌதிகத்துக்கு மாறினார். பிற்காலத்தில் சென்னையில் அவர் கண்ட கொலாஜன் அமைப்பை உலகம் அறியும். நீயும் யாரிடம் சேர உத்தேசித்தாலும், அவருடைய மூத்த மாணவர்களைக் கேன்டீனில் தனியே பிடித்து, சென்றமுறை பட்டம் வாங்கியவருக்கு எத்தனை வருஷம் ஆயிற்று, கருவி பழுதானால் யார் பார்க்கிறார்கள், தவறான முடிவைக் கொண்டுபோனால் கைடு என்ன செய்கிறார் என்று விசாரி. இணையதளத்தில் இந்த மூன்றும் இராது.

அவசரப்பட்டு நிச்சயிக்கவேண்டாம். ராமன் 1934-இல் நிறுவிய இந்திய அறிவியல் அகாதெமி, வேறிரு அகாதெமிகளுடன் சேர்ந்து, கோடையில் இரண்டு மாதம் மாணவர்களை ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்புகிறது. அதற்கு இந்த வருஷமே விண்ணப்பி. பெங்களூரில் இடம் கிடைத்தால் நம் வீட்டிலேயே தங்கலாம். ஈஸ்ட் ஸ்டேஷன் பக்கத்தில்தான் என்றாலும் எல்லா வண்டியும் அங்கே நிற்பதில்லை. கன்டோன்மென்டில் நிற்கும் வண்டியாகப் பார்த்து ஏறிவிட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல், வந்து அழைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா