மலைமண்ணில் கலந்த பாதரசம்

காய்ச்சல் கண்டால் நாவின் கீழ் வைக்கும் பழைய வெப்பமானியை நம் பெற்றோர் நன்கு அறிவர். அதனுள் வெள்ளிக் கோடாக ஏறி இறங்கும் பாதரசம் ஏறத்தாழ ஒரு கிராம்தான் இருக்கும். இத்தகைய வெப்பமானிகளை இலட்சக்கணக்கில் செய்து வெளிநாடுகளுக்கு அனுப்பிய ஆலையொன்று நமது கோடைக்கானலில் இருந்தது.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன் என்னும் ஊரில் நடந்துவந்த அவ்வாலை, 1980களின் தொடக்கத்தில் இங்கே கொண்டுவரப்பட்டது. 1987இல் இந்துஸ்தான் லீவர் கம்பெனியின் வசமாயிற்று. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி, ஊரிலுள்ள பழைய சாமான் கடையில் கிடப்பதை 2001 மார்ச்சில் மக்கள் வெளிக்கொணர்ந்தனர். அம்மாதமே ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்கா சென்றது. வந்த வழியே போயிற்று என்று நாம் மகிழலாம். ஆனால் மண்ணைக் கப்பலேற்ற முடியுமா?

பாதரசம் விந்தையான உலோகம். சாதாரண வெப்பநிலையில் திரவமாக இருப்பது, தண்ணீரைவிட 13.6 மடங்கு கனமானது. கொதிக்க 357 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆயினும் அறை வெப்பத்திலேயே சிறிது சிறிதாக ஆவியாகும். நிறமும் மணமும் இல்லாத அந்த ஆவியைச் சுவாசித்தால் நரம்புகளும் சிறுநீரகமும் கெடும். நீர்நிலையை அடைந்தாலோ நுண்ணுயிரிகள் அதை மெதில் பாதரசமாக மாற்றிவிடும். அது மீனில் சேர்ந்து மனிதரை அடையும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் வெளிப்பட்ட கொடிய நோய் இவ்விதம் வந்ததே. கோடைக்கானல் ஆலையின் சரிவுக்குக் கீழே பாம்பார் சோலை இருக்கிறது. மழை பெய்தால் மண் எத்திசையில் போகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மண்ணைச் சுத்தம் செய்வது எப்படி? முதலில் தோண்டிச் சலித்து நீரால் அலசுவர். பாதரசம் பெரும்பாலும் பொடிமண்ணிலேயே ஒட்டுவதால், பருமணலும் கல்லும் எளிதில் பிரிந்துவிடும். எஞ்சிய பொடிமண்ணை மூடிய கலத்தில் இட்டுக் காற்றைக் குறைத்துச் சூடாக்குவர். பாதரசம் ஆவியாகும், அவ்வாவியைக் குளிர்வித்துத் திரவமாகச் சேகரிப்பர். நம் ஆய்வுக்கூடத்தில் செய்யும் காய்ச்சி வடித்தல்தான் இது!

எந்த அளவுக்குச் சுத்தம் செய்தால் போதும் என்பதில்தான் வழக்கு எழுந்தது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை பாதரசம் இருக்கலாம் என்று அளவு வகுக்கப்பட்டது. இது போதாது, வெளிநாட்டில் இன்னும் கடுமையான அளவுகள் உண்டே என்று சூழல் ஆர்வலர்கள் வாதாடினர். செங்குத்தான சரிவில் அதிகம் தோண்டினால் மரங்கள் போகும், மண் அரிக்கும் என்றது எதிர்த்தரப்பு. பசுமைத் தீர்ப்பாயம் வரை இது சென்றது. இரண்டிலும் நியாயம் இருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. எனினும், மரத்தைக் காட்டி அளவைத் தளர்த்துவதானால், சோலையின் நீரையும் மீனையும் ஆண்டுதோறும் சோதித்து ஊராருக்குச் சொல்லவேண்டும் அல்லவா?

மண்ணைப்போல மனிதரை அலச இயலாது. அவ்வாலையில் வேலை செய்த 591 பேருக்கும் கம்பெனிக்கும் உடன்பாடு ஏற்பட்டது 2016 மார்ச்சில். ஆலை மூடிப் பதினைந்து ஆண்டுகள் கழித்து.