வேலை வந்தது... தூக்கம் போனது!

சென்ற ஆண்டு ஆடி மாதம் ஒரு தாயார் தன் மகனை என்னிடம் அழைத்து வந்தார். பையனுக்கு 27 வயது. இன்ஜினீயர். மதுரையிலேயே ஒரு கம்பெனியில் பகல் வேலை.

"பத்து நாளா சரியா சாப்பிடலை டாக்டர். நெஞ்செரிச்சல்ங்கிறான். ராத்திரி பூரா புரண்டு புரண்டு படுக்கிறான். வாயுத் தொல்லையா இருக்குமோ?" என்றார்.

நாக்கைப் பார்த்தேன். நாடி பார்த்தேன். பித்தம் மிஞ்சியிருந்தது. "பத்து நாளைக்கு முன்னால் வீட்டில் என்ன விசேஷம்?" என்று கேட்டேன். திடீரென்று வந்த வயிற்றுக் கோளாறு என்றால் நான் முதலில் கேட்கிற கேள்வி இது. பாதி நோய்க்கு இதிலேயே விடை கிடைத்துவிடும்.

அம்மா முகம் மலர்ந்தது. "சென்னையில பெரிய கம்பெனியில வேலை கெடச்சிருக்கு டாக்டர். இப்ப வாங்குறது 31 ஆயிரம். அங்க 62!"

பையன் முகம் மலரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வாசகர்களே, இந்தக் காட்சி உங்கள் வீட்டிலும் நடந்திருக்கலாம். நல்ல சம்பளம், நல்ல பெயர், சொந்தக்காரர்களிடம் சொல்லியும் ஆகிவிட்டது. ஆனால் போகவேண்டியவருக்கு மட்டும் மனசுக்குள் ஏதோ உறுத்துகிறது. கேட்டால் காரணம் சொல்லத் தெரிவதில்லை. "சும்மா பயப்படுறான்" என்று வீட்டார் தள்ளிவிடுகிறார்கள். சில சமயம் அது வெறும் பயம்தான். ஆனால் எல்லாச் சமயமும் இல்லை.

அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பையனிடம் பேசினேன். புது வேலை நிரந்தர இரவு வேலையாம். மாலை 6.30-க்குப் போனால் விடியற்காலை 3.30 வரை. அமெரிக்காக்காரர்களின் பகல், நமக்கு ராத்திரி! அதற்கு மேல் அவன் சொன்னதுதான் முக்கியம். படித்து முடித்த புதிதில் எட்டு மாதம் இதே போல் இரவு வேலை பார்த்திருக்கிறான். அப்போதே வயிற்றெரிச்சல், 6 கிலோ எடை குறைவு, யாரைப் பார்த்தாலும் எரிச்சல். வீட்டுக்குத் தெரிந்தால் வருத்தப்படுவார்கள் என்று மறைத்திருக்கிறான். மனம் மறந்தாலும் வயிறு மறக்கவில்லை!

இங்கே கொஞ்சம் பாடம் நடத்துகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்தபோது முதலில் மனப்பாடம் செய்தவற்றில் ஒன்று, அடக்கக்கூடாத 14 வேகங்கள். மலம், சிறுநீர், தும்மல், பசி, தாகம் என்று போகும் அந்த வரிசையில் தூக்கமும் உண்டு. பகலில் தூங்கக்கூடாது என்று நோயணுகா விதியில் தேரையர் கண்டித்துச் சொல்கிறார். இரவுத் தூக்கத்தைப் பகல் தூக்கம் ஈடு செய்யாது என்பது நம் முன்னோர் கணக்கு.

இது பழைய பஞ்சாங்கம் என்று நினைக்காதீர்கள். உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது, அது எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்ததற்காகத்தான் 2017-ல் மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். பசி, சீரணம், உடல் சூடு எல்லாம் அந்தக் கடிகாரத்தோடு சேர்ந்து நடக்கின்றன. நள்ளிரவில் குழல் விளக்கு வெளிச்சத்தில் பரோட்டா சாப்பிட்டால் வயிறு குழம்பாமல் என்ன செய்யும்? உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு, இரவுப் பணியைப் புற்றுநோய் வரக் காரணமாக இருக்கக்கூடும் என்ற பட்டியலில் 2007-ல் சேர்த்தது. 2019-ல் மறுபடி ஆராய்ந்து அதையே உறுதி செய்தது. இரவு வேலை பார்க்கிற எல்லோருக்கும் வரும் என்று அர்த்தமில்லை. நர்சுகளும் போலீஸ்காரர்களும் விழித்திருப்பதால்தான் நாம் தூங்குகிறோம். சிலருக்கு அது ஒத்துப்போகிறது. இந்தப் பையனுக்கு ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1996-ல் எனக்குக் கிளினிக் வாடகைக்கே திண்டாட்டம். மாதம் 3,000 ரூபாய் மிஞ்சினால் பெரிய விஷயம். மனைவியின் சங்கிலி பாங்கில் இருந்தது. ஒரு மருந்து கம்பெனிக்காரர் காரில் வந்து இறங்கினார். அவர்கள் சூரணத்துக்கு நான் ஆலோசகராக இருக்க வேண்டும், விளம்பரத்தில் என் போட்டோ வரும், மாதம் 15,000! 48 நாளில் சர்க்கரை நோய் அடியோடு போகும் என்று நோட்டீஸ் தயாராக இருந்தது.

மூன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. சந்தோஷத்தில் என்றுதான் நானும் நினைத்தேன். மனைவிதான் கேட்டாள், "மருந்தை எங்க செய்யறாங்க, எப்படிச் செய்யறாங்கன்னு போய்ப் பாத்தீங்களா?" மறுநாள் அவரிடம் கேட்டேன். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு சார்? கையெழுத்துப் போட்டாப் போதும்" என்றார். உறுத்தலுக்குப் பெயர் கிடைத்துவிட்டது! சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக்கூடாது என்று 1954-லேயே சட்டம் இருக்கிறது. யாராவது அதை நம்பி இன்சுலினை நிறுத்தினால்? போட்டோ என்னுடையது.

மறுத்தேன். ஆனால் மறுத்த விதம் தப்பு. உண்மையைச் சொல்லச் சங்கடப்பட்டு, "உடம்பு சரியில்லை, அலைய முடியாது" என்றேன். "அலைய வேண்டாம் சார், கார் அனுப்புறோம்" என்று மறுபடி வந்தார். நேரமில்லை என்றேன். "ஞாயிற்றுக்கிழமை போதும்" என்றார். நாலு தடவை வந்தார், ஒவ்வொரு தடவையும் தொகை ஏறியது. பொய்க் காரணம் சொன்னால் அதற்கு ஒரு பரிகாரத்தோடு எதிராளி வந்து நிற்பார். கடைசியில் உள்ளதைச் சொன்னேன். அதோடு நின்றது. என் மைத்துனர் மட்டும் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. சங்கிலி வீடு திரும்ப இன்னும் இரண்டு வருடம் ஆயிற்று.

ஆகவே உறுத்தல் வந்தால் உடனே மறுக்கவும் வேண்டாம், உதறவும் வேண்டாம். ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். என்ன உறுத்துகிறது? நேரமா, முதலாளியின் பேச்சா, ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டைக் கேட்கிறார்களா, முன்பணம் கட்டச் சொல்கிறார்களா? பெயர் சொல்ல முடிந்தால் அதை விசாரியுங்கள். எவ்வளவு யோசித்தும் "புது ஊர், புது ஆட்கள்" என்பதற்கு மேல் எதுவும் வரவில்லையென்றால் அது பெரும்பாலும் பயம்தான். இப்படி ஒரு பெண் பெங்களூர் வேலைக்குப் போகுமுன் வாந்தியோடு வந்தாள். தைரியமாகப் போம்மா என்று அனுப்பினேன். இப்போது அங்கே சொந்த வீடு வாங்கிவிட்டாள்.

அம்மாவை உள்ளே கூப்பிட்டோம். பழைய கதையைப் பையனே சொன்னான். அந்த அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. மூத்தவளுக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருந்தார்கள். புதுச் சம்பளத்தை நம்பி மண்டபம் கூடப் பேசியாகிவிட்டதாம். பிறகு, "எட்டு மாசமும் சாப்பிட்டேன் சாப்பிட்டேன்னுதானேடா போன்ல சொன்னே?" என்று மட்டும் கேட்டார்.

கடிதத்தை என் மேஜையிலேயே எழுதினான். "தங்கள் அழைப்புக்கு நன்றி. நிரந்தர இரவுப் பணி என் உடல்நிலைக்கு ஒத்துவராது என்பதால் ஏற்க இயலவில்லை. பகல் பணி இருந்தால் மகிழ்ச்சியுடன் பரிசீலிப்பேன்." மூன்றே வரி. இதற்கு மேல் எழுத வேண்டியதில்லை.

மருந்தாக நான் கொடுத்தது கொஞ்சம்தான். சீரகத் தண்ணீர், மத்தியானம் மோர், இரவுச் சாப்பாடு 8 மணிக்குள். இரண்டு வாரத்தில் எரிச்சல் அடங்காவிட்டாலோ, மலம் தார் போல் கறுத்தாலோ உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றும் சொன்னேன். உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அந்தக் கம்பெனியிலிருந்து பதில் வரவில்லை. அக்கா கல்யாணம் சின்ன மண்டபத்தில் நடந்தது. எனக்கும் பத்திரிகை வைத்திருந்தார்கள், போயிருந்தேன். பையன் பந்தியில் ஓடி ஓடிப் பரிமாறிக்கொண்டிருந்தான். கன்னம் கொஞ்சம் பூசியிருந்தது. "சீரகத் தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டேன். சிரித்தான். குடிப்பதில்லை போலிருக்கிறது.