நகையின் நிலைக்களன்கள்: 'ரோபாட் மான்ஸ்டர்' திரைப்படம் குறித்த பார்வையாளர் கருத்துகளும் மெய்ப்பாட்டியலும்

ஆய்வுச் சுருக்கம்

1953இல் அமெரிக்காவில் வெளிவந்த 'ரோபாட் மான்ஸ்டர்' மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட அறிவியல் புனைவுப் படமாகும். உலகின் மிக மோசமான படங்களுள் ஒன்று என்னும் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. அப்பெயர் படத்தோடு உடன்பிறந்ததன்று. பெரும்பாலும் 1978க்குப் பின் வலுப்பெற்றது. படத்தைக் கண்டு பார்வையாளர் நகுவது உண்மை. ஆயினும் அந்நகை ஒரே களத்தில் பிறப்பதன்று என்பதைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மெய்ப்பாடு, நகை, எள்ளல், இளமை, பார்வையாளர் ஏற்பு, முப்பரிமாணப் படம்

படமும் அதன் வறுமையும்

இப்படத்தை இயக்கிய ஃபில் டக்கர் அப்போது இருபதுகளின் நடுவயதில் இருந்தவர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிரிஃபித் பூங்காவிலுள்ள பிரான்சன் பள்ளத்தாக்கிலும் அதன் குகைவாயிலிலும் நான்கே நாள்களில் படப்பிடிப்பு முடிந்தது. வேற்றுக்கோளிலிருந்து வந்து மனித இனத்தை அழிக்கும் ரோ-மேன் என்னும் உயிரியே கதையின் மையம். அதற்கு இயந்திர உடை செய்யப் பணமில்லை. ஜார்ஜ் பேரோஸ் என்னும் நடிகரிடம் சொந்தமாக ஒரு கொரில்லா உடை இருந்தது. அவ்வுடையின் மேல் ஆழ்கடல் மூழ்குவோர் அணிவது போன்ற தலைக்கவசம் பொருத்தப்பட்டது. ரோ-மேனுக்கு ஆணையிடும் தலைவனாக வருவதும் அதே உடையே. ஊழிக் காட்சிகளில் மோதிக்கொள்ளும் பெரும் பல்லிகள் 1940இல் வெளிவந்த 'ஒன் மில்லியன் பி.சி.' என்னும் படத்திலிருந்து எடுத்து ஒட்டப்பட்டவை.

செலவுத் தொகையாக இன்று பலரும் எடுத்தாள்வது 16,000 டாலர். படம் வெளியான காலத்தில் 'வெரைட்டி' இதழ் குறித்ததோ 50,000 டாலர். இரண்டனுள் எது சரி என்பது கணக்கர் தீர்க்க வேண்டியது. பார்வையாளர் வழக்கில் சிறிய தொகையே நிலைபெற்றிருக்கிறது. தொகை சிறுக்கச் சிறுக்க நகை பெருகுகிறது என்பதே அதற்குக் காரணமாதல் கூடும்.

இங்கு ஒன்றைச் சுட்ட வேண்டும். தொல்காப்பியர் வறுமையை நகையின் களனாக வைக்கவில்லை. அழுகையின் களன்களுள் ஒன்றாக வைக்கிறார். 'ரோபாட் மான்ஸ்டர்' பற்றிய பார்வையாளர் கருத்துகளில் அழுகைக்குரிய களன் எவ்வாறு நகைக்குரியதாக மாறியது என்பதே நம்முன் உள்ள சிக்கல்.

இரண்டு படிகள், இரண்டு பார்வையாளர் கூட்டங்கள்

1952ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான 'புவானா டெவில்' படத்தின் வெற்றி, அமெரிக்கத் திரையரங்குகளில் முப்பரிமாணப் பட அலையைத் தோற்றுவித்தது. 'ரோபாட் மான்ஸ்டர்' அவ்வலையில் வந்தது. 1953ஆம் ஆண்டுப் பார்வையாளர் தனிக்கண்ணாடி அணிந்து, பள்ளத்தாக்கின் ஆழத்தையும் திரைக்கு முன்னே மிதந்து வரும் குமிழிகளையும் கண்டனர். குறைந்த செலவையும் குறுகிய காலத்தையும் கருதினால் முப்பரிமாணப் புதுமை என்ற அளவில் படம் வியக்கத்தக்க வகையில் தேறியுள்ளது என்பதே 'வெரைட்டி' மதிப்பீட்டின் சாரம். கதையை அவ்விதழ் பாராட்டவில்லை. எனினும் அம்மதிப்பீட்டின் அடிப்படை புதுமை. மெய்ப்பாட்டியலில் புதுமை மருட்கையின் களன், நகையின் களனன்று.

பின்னர் வந்த தொலைக்காட்சிப் பார்வையாளர் கண்டது தட்டைப் படி. முப்பரிமாணப் படி பல பதிற்றாண்டுகள் பொதுவாகக் காணக் கிடைக்கவில்லை; படத்தின் எழுபதாம் ஆண்டாகிய 2023இல்தான் அது செப்பனிடப்பட்டு மீண்டும் வெளிவந்தது. அதாவது இப்படத்தைப் பற்றிய புகழ்பெற்ற தீர்ப்புகள் பெரும்பாலும் சிதைந்த படியை வைத்து எழுதப்பட்டவை. சுவடிப் பதிப்பில் பயின்ற நமக்கு இந்நிலை புதிதன்று. ஏட்டில் அடி விடுபட்டிருக்கப் புலவன் மேல் யாப்புக் குற்றம் சாற்றுவாரை நாம் அறிவோம்.

எள்ளல் நிலைபெற்ற வரலாறு

ஹாரி மெட்வெட், ராண்டி டிரெய்ஃபஸ் ஆகியோர் 1978இல் வெளியிட்ட மிக மோசமான ஐம்பது படங்களின் தொகுப்பில் 'ரோபாட் மான்ஸ்டர்' இடம்பெற்றது. ஹாரி மெட்வெட்டும் மைக்கேல் மெட்வெட்டும் 1980இல் வெளியிட்ட 'கோல்டன் டர்க்கி அவார்ட்ஸ்' என்னும் நூல் ரோ-மேனைத் திரை வரலாற்றின் மிக நகைப்புக்குரிய அரக்கனாகத் தேர்ந்தது. 1989இல் 'மிஸ்டரி சயின்ஸ் தியேட்டர் 3000' என்னும் தொலைக்காட்சித் தொடர் இப்படத்தை எடுத்துக்கொண்டது. திரையின் அடியில் நிழலுருவாக அமர்ந்த ஒரு மனிதனும் இரு இயந்திரப் பொம்மைகளும் படம் ஓடும்போதே கேலி பேசிக்கொண்டிருப்பது அத்தொடரின் அமைப்பு. வீட்டிலிருக்கும் பார்வையாளன் படத்தையும் படத்தைக் கண்டு நகுவாரையும் ஒருசேரக் காண்கிறான். எங்கே நகுவது, எவ்வளவு நகுவது என்பன அவனுக்கு முன்னரே வகுத்துத் தரப்படுகின்றன. இதற்குப் பின் எழுந்த கருத்துகளைத் தனிப்பட்ட பார்வையாளரின் தன்னியல்பான மெய்ப்பாடு என்று கொள்வதில் எச்சரிக்கை தேவை.

எள்ளல் என்பது தான் பிறரை எள்ளி நகுதலும், பிறரால் தான் எள்ளப்பட்டு நகுதலும் என இருவகைப்படும் என்பது பேராசிரியர் உரையால் பெறப்படுவது. முன்னதற்கு எள்ளப்படுவான் ஒருவன் வேண்டும். இங்கு அவன் டக்கர். 1953 டிசம்பரில் அவர் தற்கொலைக்கு முயன்று காப்பாற்றப்பட்டார். மோசமான விமர்சனங்களே காரணம் என்னும் கதை பின்னர்ப் பரவியது. கேலிக்கு அது சுவை சேர்த்தது. அவர் அப்போது எழுதிய கடிதம் கூறிய காரணம் வேறு: படத்திற்குரிய ஊதியம் வரவில்லை, திரைத்துறையில் வேலையும் கிடைக்கவில்லை. எள்ளலின் கீழ் மறைக்கப்பட்ட வறுமை என்று இதனைக் கூறுவது மிகையாகாது. அவ்வளவு குறைந்த பணத்தில் தன்னைப் போல் வேறெவரும் செய்திருக்க முடியாது என்று டக்கர் பின்னாளில் மெட்வெட் சகோதரர்களிடம் கூறியதையும் இவ்விடத்தில் நினைக்க வேண்டும். அக்கூற்றையும் நகைச்சுவையாகவே வாசகர் படித்தனர்.

இசை மட்டும் இவ்வெள்ளலுக்குத் தப்பியது. இசையமைத்தவர் எல்மர் பெர்ன்ஸ்டீன். இடதுசாரிச் சார்பு பற்றிய ஐயத்தால் பெரிய நிறுவனங்களில் வாய்ப்புக் குறைந்திருந்த காலத்தில் அவர் இத்தகைய படங்களை ஏற்றார். மூன்றாண்டுகளில் 'டென் கமாண்ட்மென்ட்ஸ்' படத்திற்கு இசையமைத்தார். பின்னைப் புகழ் முன்னைப் பணிக்குக் காப்பாக நின்றது போலும்.

இளமை பற்றிய நகை

மிகுதியும் கேலிக்குள்ளான பொருள் குமிழிப் பொறி. உலகை அழிக்க வந்த அரக்கன் ஒரு குகைவாயிலில் மேசை மேல் வானொலிக் கருவி வைத்திருக்கிறான்; அருகே சவர்க்காரக் குமிழிகள் ஓயாது பறக்கின்றன. அப்பொறிக்குப் படத்தின் தொடக்க எழுத்துகளில் தனி நன்றியும் உண்டு. கதையை மறந்து இக்காட்சியைத் தனியே எடுத்தால் எவரும் நகுவர்.

ஆனால் கதையின் பெரும்பகுதி ஒரு சிறுவனின் கனவு. தலைக்கவசம் அணிந்து விண்வெளி விளையாட்டு ஆடும் ஜானி, குகையருகே தொல்லியல் ஆய்வாளர் ஒருவரைக் காண்கிறான். தந்தையற்ற அவனுக்கு ஓர் அறிவியலாளர் தந்தையாக வரவேண்டும் என்பது விருப்பம். அவன் உறங்கியபின் தொடங்கும் கனவில் அந்த ஆய்வாளரே தந்தை; அவன் அணிந்த தலைக்கவசமே அரக்கன் தலையிலும் ஏறிவிட்டது எனலாம். கொரில்லாவும் பெரும் பல்லிகளும் குமிழிகளும் ஒரே உலகில் கூடுவது பிள்ளையின் கற்பனைக்கு முரணன்று. இவ்வியைபு இயக்குநர் கருதிச் செய்ததா, பணமின்மையால் நேர்ந்ததா என்னும் வினா பனுவலின் பொருளைப் பாதிப்பதில்லை.

நகை பிறக்கும் நான்கு களன்களுள் எள்ளலும் இளமையும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. இளமை பிள்ளைத்தன்மை பற்றியது. மழலை கேட்டு நகும் நகையில் இகழ்ச்சி இல்லை. குமிழிப் பொறியைக் கண்டு எழும் நகை கனவுச் சட்டகத்தை நினைவிற் கொண்டார்க்கு இளமை பற்றியது. அதனை விட்டார்க்கு எள்ளல் பற்றியது. ஒரே காட்சி, ஒரே முறுவல், வேறுபட்ட களன். இப்படத்தை அன்போடு மீண்டும் மீண்டும் காண்போரையும் இகழ்ந்து ஒதுக்குவோரையும் 'கேலிக்காகப் பார்ப்பவர்' என ஒரே பெயரால் குறிக்கும் வழக்கம் இவ்வேறுபாட்டை அழித்துவிடுகிறது.

அஞ்சும் அரக்கன்

அச்சத்தின் களன்களாகத் தெய்வம், விலங்கு, கள்வர் ஆகியவற்றோடு தம்மை ஆளும் இறைவனையும் தொல்காப்பியர் சேர்க்கிறார். ரோ-மேன் பார்வையாளருக்கு விலங்காகத் தோன்றி அச்சம் தர வேண்டியவன். அதில் அவன் தோற்றான். ஆயின் அவனே அஞ்சுபவன். எஞ்சிய எண்மரையும் கொல்லத் தலைவன் ஆணையிடுகிறான். ஆலிஸ் என்னும் பெண்ணைக் கொல்ல ரோ-மேனுக்கு மனம் வரவில்லை. செய்ய இயலாது, செய்தே ஆகவேண்டும் என்னும் இரண்டுக்கும் இடையே எந்தக் கணக்கில் நிற்பது என அவன் தனியே புலம்பும் இடம் படத்தில் மிகுதியும் கேலி செய்யப்பட்ட வசனமாகும். அதே இடம் இன்று சிலரால் இரக்கத்தோடு பேசப்படுவதும் உண்டு.

அஞ்சுபவனைக் காண்பவனுக்கு அச்சம் பிறக்குமா, நகையோ இரக்கமோ பிறக்குமா என்னும் வினா மெய்ப்பாட்டியலின் உரைமரபில், குறிப்பாகப் பேராசிரியர் உரையில், எழுப்பப்பட்டதே. ரோ-மேனைக் கண்டு நகுவாரும் இரங்குவாரும் அவ்வினாவின் இரு விடைகளாக நிற்கின்றனர். இரங்குவாரின் வாசிப்பிலும் ஒரு குறை உண்டு. ஜானியின் தங்கையாகிய சிறுமி கார்லாவைக் கொன்றது அதே கைதான். அதனை அவர்கள் விரைந்து கடந்துவிடுகின்றனர்.

இறுதியில் தலைவன் ரோ-மேனை அழித்து உலகையும் பிளக்கிறான், சிறுவன் விழித்தெழுகிறான். எல்லாம் கனவென்று ஆறியபின், குகையிலிருந்து ரோ-மேன் கைகளை உயர்த்தியபடி நம்மை நோக்கி வருகிறான். அக்காட்சி மும்முறை காட்டப்படுகிறது. தட்டைப் படியில் அது படச்சுருளை நீட்டிக்கும் சிக்கனமாகத் தோன்றி நகை விளைக்கிறது. முப்பரிமாணப் படியிலோ ஒவ்வொரு முறையும் அவன் திரையைக் கடந்து பார்வையாளரின் இருக்கையை நெருங்குகிறான்.