தேரிக்குள் ஒரு சுனை

தூத்துக்குடிக்கு வரும் சொந்தக்காரர்கள் துறைமுகத்தையும் உப்பளத்தையும் பார்க்க வேண்டும் என்பார்கள். நான் தேரிக்குத்தான் கூட்டிப்போவேன். தேரி என்றால் திருச்செந்தூருக்கு மேற்கே மேடு மேடாகக் கிடக்கும் செம்மணல். அந்தக் குதிரைமொழித் தேரிக்குள், மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலை ஒட்டிச் சுனை இருக்கிறது. எங்கள் குலதெய்வம் அவர்.

பங்குனி உத்திரத்துக்குக் குடும்பங்கள் பொங்கலிட்டுத் திரளும். சுனையை நின்று பார்க்க அது நாளல்ல. கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு, மார்கழி, தையில் போங்கள். ஆடியில் வேண்டவே வேண்டாம். ஒரு ஆடியில் உச்சிவேளையில் தனியாக மணலில் இறங்கினேன். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. திரும்பிப் பார்த்தால் என் கால்தடமே இல்லை. எந்த மேட்டைப் பார்த்தாலும் ஒன்றுபோலவே இருந்தது. ஓலை பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு ஆச்சிதான் காப்பாற்றினார்.

"ஒத்தையில எங்கய்யா போறிய? தண்ணி கொண்டாந்தியளா?"

இல்லை என்றதும் தன் தூக்குவாளியை நீட்டினார். "வண்டித்தடத்த விட்டு எறங்காதிய" என்றார். இன்றுவரை நான் அதை மீறியதில்லை. செருப்பைவிட ஷூ நல்லது. பத்து மணிக்கெல்லாம் மணல் கொதிக்கும்.

ஒரு பிடி மணலை வெள்ளைத் துண்டில் தேய்த்துப் பாருங்கள், காவி ஒட்டும். ஒவ்வொரு மணல்துகளையும் இரும்புத்துரு போர்த்தியிருக்கிறது. கடல் இன்னும் தள்ளிக் கிடந்த காலத்தில் காற்று குவித்த மணல் இது. மழை பெய்தால் தண்ணீர் வழிந்தோடாது, மணல் அப்படியே குடித்துக்கொள்ளும். குடித்ததைப் பள்ளத்தில் மெல்லக் கசியவிடும். அதுதான் சுனை. ஒரு பெண்ணின் சாபத்தால் நாடே மணல்மூடிப்போக, சுனை மட்டும் மிஞ்சியது என்று ஊரில் கதை சொல்வார்கள்.

தேரியில் நகத்தளவுக் கூர்கற்கள் கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள். சாயர்புரம், மெய்ஞ்ஞானபுரம் பக்கத் தேரிகளில் கிடைத்த இத்தகைய நுண்கற்கருவிகளைப் பற்றி ஆய்வாளர்கள் சாய்னரும் பிரிஜட் ஆல்ச்சினும் 1956-ல் எழுதினார்கள். கொற்கை முத்துக்குப் பெயர்பெற்ற காலத்துக்கு வெகுகாலம் முன்பே, இங்கே உட்கார்ந்து கல் செதுக்கியவர்கள் விட்டுப்போனவை அவை. கிடந்த இடம் மாறினால் அந்தக் கல் சொல்லும் செய்தி போய்விடும்.

சுனையில் சோப்பு போடாதீர்கள். பிளாஸ்டிக் பையைக் கையோடு கொண்டுவந்துவிடுங்கள். ஆறு மணிக்கே போய்ச் சுனைக்கரையில் பேசாமல் உட்காருங்கள். வெயில் ஏறுமுன் குருவிகள் தண்ணீருக்கு இறங்கும்.