மழைக்கு முன்னே எர்த்தைப் பாருங்கள்: வீட்டில் கார் சார்ஜ் போடுவோருக்கு

புரட்டாசி முடியப்போகிறது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கிவிடும். வருசநாடு, மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு பக்கம் வீட்டிலேயே மின்சாரக் காருக்குச் சார்ஜ் போடுகிறவர்கள், மண் காய்ந்திருக்கும் இந்த நாட்களிலேயே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதித்துவிடுங்கள். மழை பெய்தபின் ஈரமண்ணில் சொத்தை எர்த்தும் நன்றாகத்தான் காட்டும். மலையடிவாரப் பாறைமண்ணில் குழியைப் பாதி ஆழத்தோடு விட்டிருப்பது சகஜம். மீட்டரில் 5 ஓமுக்குள் வந்தால் சரி. வராவிட்டால் இன்னும் ஆழமாகத் தோண்டி, கரியும் உப்பும் போட்டுப் புதுக்குழி வையுங்கள்.

எர்த் இல்லை என்றால் காரோடு வந்த சார்ஜர் பெரும்பாலும் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். அதை ஏமாற்ற, பிளக் பாயின்ட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துக் கொடுக்கும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். சார்ஜும் ஏறும். ஆனால், காற்றில் நியூட்ரல் கம்பி அறுந்தால் காரின் உடம்பு முழுக்க மின்சாரம் நிற்கும். ஈரக்காலோடு கதவைத் தொடுகிறவர் வழியாகத்தான் அது தரைக்கு இறங்கும். அப்படியொரு வயர் உங்கள் வீட்டில் இருந்தால் இன்றே பிடுங்கச் சொல்லுங்கள்.

அடுத்தது பிளக் பாயின்ட். அயர்ன் பாக்ஸும் கீசரும் கொஞ்ச நேரம்தான் ஓடும். கார் அப்படியில்லை, 15 ஆம்பியர் பாயின்ட்டில் 3 கிலோவாட் அளவுக்கு மணிக்கணக்கில் இழுக்கும். அதனால் மெயின் போர்டிலிருந்து காருக்கென்று தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, தனி எம்.சி.பி. வேண்டும். கூடவே 30 மில்லி ஆம்பியருக்கு விழும் ஆர்.சி.சி.பி. கடையில் பேசாமல் நின்றால் 'டைப் ஏசி' எடுத்துக் கொடுப்பார்கள். 'டைப் ஏ' என்று கேட்டு வாங்குங்கள். மத்திய மின்சார ஆணைய விதி சொல்வதும் இதைத்தான். பாயின்ட் தரையிலிருந்து 80 சென்டிமீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது என்பதும் அதே விதிதான். முற்றத்தில் தண்ணீர் ஏறும் வீடு என்றால் இன்னும் உயர்த்துங்கள்.

சார்ஜ் போட்டு அரைமணி கழித்து, சுவிட்சை அணைத்துவிட்டுப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடோ, கருகிய நிறமோ, வாடையோ இருந்தால் மாற்றும்வரை அதில் சார்ஜ் போடாதீர்கள்.

நம் பக்கத்துக்கே உரிய ஆபத்து ஒன்றும் உண்டு. விலை வரட்டும் என்று காத்திருக்கும் இலவம் பஞ்சு மூட்டையும் தேங்காய் மட்டையும், கார் நிற்கும் கொட்டகையிலேயே கிடக்கும். இலவம் பஞ்சுக்கு ஒரு பொறி போதும். மூட்டைகளை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். சுவரை ஒட்டி அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடினாலும் ஆபத்து போகாது.

தோட்டத்து மோட்டார் ரூமில்தான் கம்பி இருக்கிறதே என்று அங்கே காரை நிறுத்தவும் வேண்டாம். விவசாயத்துக்கு இலவசமாகத் தரும் மின்சாரத்தை வேறு வேலைக்கு எடுப்பது மின்சாரச் சட்டம் 2003-இன் 126-ஆவது பிரிவில் சிக்கும். வீட்டு இணைப்பில் சார்ஜ் போடத் தடை இல்லை. இணைப்பின் மின்பளு போதாவிட்டால் இ.பி. அலுவலகத்தில் எழுதிக்கொடுத்துக் கூட்டிக்கொள்ளலாம்.

இனி நேரம். கண்டமனூர் வழியாகத் தேனிக்குப் போய்வர 100 கிலோமீட்டருக்குள்தான். அதற்கு ஏறத்தாழ 15 யூனிட், 5 மணி நேரம் சார்ஜ். இரவெல்லாம் மாட்டிவைக்க வேண்டியதில்லை. ஐப்பசியில் இடி பெரும்பாலும் பிற்பகலுக்குமேல்தான் இறங்கும் என்பதால், ஆள் விழித்திருக்கும் காலை நேரமே நல்லது. மேகம் கறுக்கும்போதே சுவிட்சை அணைத்துப் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். இடி தலைக்குமேல் வந்தபின் ஓடிப்போய்க் கழற்றாதீர்கள். கொட்டகைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் காரிடம் போகாமல், கால் நனையாமல் எட்ட முடிந்தால் மட்டும் மெயினை அணையுங்கள். முடியாவிட்டாலும், தெருவில் கம்பி அறுந்து கிடந்தாலும், மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் சொல்லுங்கள். லைன்மேன் வரும்வரை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.